சாஃப்ட்வேர் டிசைன் படம் வரைய எந்த டூல் பெஸ்ட்? சிம்பிளா தேர்ந்தெடுப்பது எப்படி?

மங்கலம்பேட்டை மாணவர் ஒருவர், பக்கத்து ஊரான விருத்தாசலத்தின் பீங்கான் பொம்மைகளை விற்க ஆப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடிங்குக்கு முன் தேவை ஒரு படம்: வாடிக்கையாளர், ஆர்டர், ஸ்டாக், பணம். நாலு பெட்டி, சில அம்புக்குறிகள். இதுக்கு நூறு பட்டன் உள்ள டூல் எதுக்கு?

எக்ஸ்காலிட்ரா: பிரவுசரில் திறந்தாலே வரையலாம், லாகின் வேண்டாம். கையால் வரைந்த மாதிரி இருக்கும். ஐடியாவைப் பேச இதுவே போதும்.

டிரா.ஐஓ: இலவசம். யுஎம்எல் வடிவங்கள் ரெடியாக உள்ளன. கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்தால் நெட் இல்லாமலும் ஓடும். புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஏற்றது.

மெர்மெய்ட்: டைப் செய்தால் படமாக மாறும். 2022 முதல் கிட்ஹப்பிலேயே படமாகத் தெரிகிறது. கோடிங் மாறும்போது படத்தையும் உடனே திருத்தலாம்.

இதை மறக்காதீங்க: லாகின் இல்லாமல் எக்ஸ்காலிட்ராவில் வரைந்தது உங்கள் பிரவுசரில்தான் இருக்கும். பிரவுசர் டேட்டாவை அழித்தால் படமும் போச்சு! ரிவ்யூவுக்கு முந்தின நாள் தவிக்காமல் இருக்க, திருத்தக்கூடிய ஃபைலாக சேவ் பண்ணி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்திருந்தால் பிறகு திருத்த முடியாது.

கடைசியாக ஒரு டெஸ்ட்: பத்து நிமிஷத்தில் வரைய முடிகிறதா? புதுசா பார்ப்பவருக்குப் புரிகிறதா? ரெண்டுக்கும் 'ஆமாம்' என்றால், அதுதான் உங்களுக்கான டூல்.