தூண்டிற்பொன்
(உலோக இரையின் வரலாறு குறித்த ஓர் ஆராய்ச்சி)

திருக்குறளின் பொருட்பாலில் அமைந்த ‘சூது’ என்னும் அதிகாரத்தின் முதற்குறளில் (931) ‘தூண்டிற்பொன்’ என்றொரு தொடர் பயின்று வருகின்றது. சூதில் வென்று பெற்ற பொருள், மீன் விழுங்கிய தூண்டிற்பொன்னை ஒக்கும் என்பது அக்குறளின் கருத்து. இத்தொடரைக் காணும் இக்காலத்தார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. இன்று மீன் வேட்டத்தில் பொழுது போக்குவோர் பலர் ஊன் இரையை விடுத்து, பித்தளையாலும் எஃகாலும் இயன்ற மெல்லிய தகடுகளையே இரையாக நீரில் விடுகின்றனர். ஒளிரும் உலோகத்தைச் சிறுமீன் எனக் கருதிப் பெருமீன் வந்து கவ்வுகின்றது. அங்ஙனமாயின், வள்ளுவர் கூறிய ‘பொன்’ இத்தகைய ஒளிர்தகடு தானோ? உலோகமே இரையாகும் வழக்கம் பண்டைத் தமிழகத்தில் இருந்ததோ? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். ‘தூண்டில்’ என்பது ‘தூண்டு’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். வலை என்பது வளைத்துக் கொள்வது. தூண்டிலோ மீனின் விருப்பத்தைக் கிளர்த்திக் கொள்வது. பெயரிலேயே தொழிலின் இயல்பு அமைந்துள்ளமை காண்க. ‘பொன்’ என்பது பண்டு தங்கத்தை மட்டும் குறித்த சொல்லன்று. உலோகம் அனைத்திற்கும் பொதுவாய் நின்ற சொல். இரும்பைக் கரும்பொன் என்றும், வெள்ளியை வெண்பொன் என்றும், தங்கத்தைச் செம்பொன் என்றும் வழங்கிய வழக்கும், ஐவகை உலோகங்களையும் சேர்த்து ஐம்பொன் என்ற வழக்கும் இதனை வலியுறுத்தும். ஆகவே, தூண்டிற்பொன் என்றவுடன் மின்னும் பொருளொன்றை எண்ணவேண்டுவதில்லை. தூண்டிலின் உலோக முள் என்பதே நேர்பொருள். இரையினால் மறைந்த தூண்டில் இரும்பு எனப் பரிமேலழகரும் பொருள் கொண்டனர்.

ஆயினும் ஒரு தடை எழலாம். உவமையிலே வென்ற பொருளுக்கு ஈடாக நிற்பது இரையன்று, பொன்னே. இரையால் மறைந்தது என்னும் கருத்து குறளில் வெளிப்படையாக இல்லை, உரையாசிரியர் வருவித்துக்கொண்டது. எனின், பொன்னையே மீன் விரும்பிற்று எனக் கொள்ளுதற்கு என்ன தடை? இத்தடையை உரையாசிரியரின் பெருமை ஒன்றையே கொண்டு நீக்குதல் பொருந்தாது. அக்காலத் தூண்டிற்றொழில் எங்ஙனம் நடைபெற்றது என்பதைப் பிற நூல்களினின்றும் அறிந்து, அதன்பின் முடிபு கூறுதலே முறையாகும்.

சங்க நூல்கள் இவ்வகையில் நமக்குப் பேருதவி புரிகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில், மீன் பிடிக்கும் பாண்மகன் ஒருவன் காட்டப்படுகின்றான். அவன் பச்சை ஊனைத் தோற்பையில் இட்டுச் சுமந்து செல்கின்றான். நீண்ட மூங்கிற் கோலில் நாண் பூட்டியுள்ளான். நாணின் முனையில் வளைந்த வாயினையுடைய இரும்பு உள்ளது. அவ்விரும்பினை இரை பொதிந்துள்ளது. பிளந்த வாயினையுடைய வாளை அவ்விரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகின்றது; இரும்பு வெறிதே தனித்துக் கிடக்கின்றது. அதன்பின் அவ்வாளை, கரையிலுள்ள பிரம்பின் அசையும் நிழலை நீரில் கண்டும் தூண்டிற்கோல் என அஞ்சுகின்றதாம்.

இப்பகுதி தொழில்நுட்பச் சான்றாக நின்று பயன்படுவது. கோல், நாண், முள், இரை ஆகிய நான்கு உறுப்புகளும், இரையைச் சேமிக்கும் தோற்பையும் இங்கு முறையாகக் கூறப்பட்டுள்ளன. அவற்றினும் சிறந்தது, இரை நீங்கிய இரும்பைப் பற்றிய குறிப்பாகும். இரை போயபின் இரும்பு தனித்துக் கிடந்தது எனின், இரும்பு தானே மீனை ஈர்க்கும் ஆற்றலுடையதன்று என்பது போதரும். உலோகமே இரையாகும் வழக்கம் அன்று இருந்திருப்பின், இரை இழந்த முள்ளுக்குத் தனிமை கற்பித்தல் பொருளற்றதாகும். ஒருமுறை தப்பிய மீன் நிழலுக்கும் அஞ்சும் என்ற செய்தி வெறுங்கற்பனையும் அன்று. ஒருகால் முள்ளிற் பட்டு மீண்ட மீன் பன்னாள் இரையை அணுகாது ஒதுங்கும் என்பதைத் தூண்டிலில் பழகியோர் இன்றும் அறிவர்.

அகநானூற்றின் முப்பத்தாறாம் பாட்டில் மதுரை நக்கீரர் வராலைப் பாடுகின்றார். வளைவாய் இரும்பில் மாட்டிய இரையை விழுங்கிய வரால், ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர் சிதையவும் துள்ளி எழுந்து, வள்ளைக் கொடியைக் கலக்கி, தூண்டிற்காரன் இழுக்கவும் வாராமல், கயிறிட்ட காளையைப் போலக் குளத்தை உழக்குகின்றது. இங்கும் இரை உண்டு, இரும்பு உண்டு, இரும்பே இரை என்பது இல்லை. அந்நூலின் 216ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் பாண்மகள் ஒருத்தியைக் காட்டுகின்றார். நாண் பூட்டிய மெல்லிய கோலால் வராலைப் பிடித்து, வஞ்சி விறகிலே சுட்டு, கள்ளுண்டு களித்திருக்கும் தந்தைக்கு அவள் ஊட்டுகின்றாள். தூண்டிற்றொழில் ஆடவர்க்கே உரியதாய் இருந்ததில்லை என்பதும், பெரிய கோல், நுண்ணிய கோல் என இருவகைக் கோல்கள் வழங்கின என்பதும் இவற்றால் பெறப்படும்.

குறுந்தொகையில் 54ஆம் பாட்டைப் பாடிய புலவர் தம் இயற்பெயரையே இழந்து, தாம் கூறிய உவமையால் ‘மீனெறி தூண்டிலார்’ எனப் பெயர் பெற்றனர். யானை வளைத்துப் பிடித்துக் கைவிட்ட பசுமூங்கில் விரைந்து மேலெழுதற்கு, மீன் பட்டவுடன் உயர எறியும் தூண்டிற்கோல் உவமையாயிற்று. கோல் பசிய மூங்கிலின் வளைவும் மீட்சியும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்பதும், மீன் கவ்விய அக்கணமே கோலை உயர்த்துதல் வேண்டும் என்பதும் இவ்வுவமையில் அடங்கிய தொழில் நுணுக்கங்கள்.

இனி, குறளுக்கு மீள்வோம். அங்கு வந்துள்ள வினை ‘விழுங்குதல்’ ஆகும். இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். வெறும் உலோகத்தைக் கவ்வும் மீன் அது உணவன்று என்பதை உடனே உணர்ந்து உமிழ முற்படும்; ஆதலின் உலோக இரையில் பட்ட மீனுக்கு முள் உதட்டிலோ தாடையிலோ தைத்திருப்பதே பெரும்பான்மை. ஊன் இரையையோ மீன் சுவை கண்டு உள்ளே விழுங்கும். முள் தொண்டைக்கும் குடருக்கும் செல்லும். வள்ளுவர் கவ்வுதல் கூறாது விழுங்குதல் கூறினமையின், அவர் கருதியது ஊன் பொதிந்த முள்ளே எனத் துணியலாம். மீன் பெற்றதாகக் கருதியது ஊன். உண்மையிற் பெற்றது இரும்பு. சூதாடி பெற்றதாகக் கருதியது செல்வம். உண்மையிற் பெற்றது கேடு. இரண்டனையும் ஒருங்கே சுட்டுதற்குச் செல்வத்திற்கும் இரும்பிற்கும் பொதுவாகிய ‘பொன்’ என்னும் சொல் வாய்த்தது. இரையை வெளிப்படையாகக் கூறாது விட்டமையே உவமையின் திட்பம். ஆகவே பரிமேலழகர் கொண்ட பொருள், சொல்வழக்காலும் தொழில்வழக்காலும் நிலைபெறுகின்றது.

அங்ஙனமாயின் உலோகம் இரையான வரலாறு யாது? உலோக முள்ளின் வரலாறு வேறு. உலோக இரையின் வரலாறு வேறு. மொகஞ்சதாரோவில் செம்பாலும் வெண்கலத்தாலும் இயன்ற தூண்டில் முட்கள் கிடைத்துள்ளன. அவற்றுட் பல எதிர்முள் உடையன. இது முள்ளின் தொன்மையைக் காட்டுமேயன்றி, இரையின் தொன்மையைக் காட்டாது. இவ்விரண்டையும் ஒன்றாக்குவது வரலாற்றைக் குழப்புவதாகும்.

முள்ளின் ஒளியே மீனை ஈர்க்கும் முறைக்கு நம் அண்டைக் கடலில் சிறந்த சான்று ஒன்று உள்ளது. மாலத்தீவினரும், இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியிலுள்ள மினிக்காய்த் தீவினரும் சூரை மீனைக் கோலும் நாணும் கொண்டு பிடிக்கின்றனர். உயிருள்ள சிறுமீன்களை நீரில் எறிந்து, மேலே நீரையும் தெளித்து, சூரைக் கூட்டத்தை வெறிகொள்ளச் செய்கின்றனர். அவ்வெறியில் இரை மாட்டாத, ஒளிரும் தண்டினையுடைய முள்ளையே சிறுமீன் எனக் கருதிச் சூரை கவ்வுகின்றது. அம்முள்ளுக்கு எதிர்முள் இல்லை. ஆதலின் படகினுள் வீசியவுடன் மீன் தானே கழன்று விழும். மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த எஸ். ஜோன்ஸ் மினிக்காய்த் தீவின் இம்மீன்பிடி முறையைப் பற்றி 1958இல் கட்டுரை வெளியிட்டார். இச்சூரையை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதே, ஈழத்துச் சமையலில் இடம்பெறும் மாசிக்கருவாடு. தமிழர் உணவிற் கலந்த பண்டம் ஒன்று உலோக ஒளியால் பிடிக்கப்பட்டதென்பது கருதத்தக்கது.

மேலைநாட்டில் கரண்டி வடிவ உலோக இரைக்கு 1852இல் அமெரிக்கரான ஜூலியோ பியூயல் என்பார் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாளராய் இருந்த எச். எஸ். தாமஸ், ‘இந்தியாவில் தூண்டிற்கோல்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1873இல் வெளியிட்டு, நீரில் சுழன்று செல்லும் இரையால் ஆற்றுமீன் பிடிக்கும் முறையை விரித்துரைத்தார். ஏரிகளில் தூண்டிலிடுதல் பற்றியும் அவர் தனிநூல் ஒன்று எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் கரண்டி இரையினின்றும் வேறான தகட்டு இரை பரவிற்று.

தகட்டு இரையின் இயக்கம் எளியது. மெல்லிய உலோகத் தகடு ஒன்று மீன் வடிவில் வெட்டப்பட்டிருக்கும். அடிப்பகுதியில் தலையை ஒட்டி ஈயம் வார்க்கப்பட்டிருக்கும். முதுகில் சில துளைகள் இருக்கும். நரம்பினை முதுகுத் துளையொன்றில் கொளுவி இழுக்குங்கால், நீரின் தாக்குதலால் தகடு இருபுறமும் விரைந்து அதிரும். மீன் தன் உடலின் பக்கக்கோடு என்னும் உறுப்பினால் அவ்வதிர்வை உணரும். ஆகவே கண்ணுக்குப் புலனாகாத கலங்கல் நீரிலும் இவ்விரை மீனை அழைக்கும். முன்துளையில் கொளுவினால் அதிர்வு நெருங்கியும், பின்துளையில் கொளுவினால் அகன்று வலுத்தும் இருக்கும். துளையின் கூரிய விளிம்பு நரம்பை அறுக்குமாதலின், சிறு கொளுவி ஒன்றை இடையிற் கோத்தல் வேண்டும்.

தெரிந்தெடுக்கும் முறையும் இதனோடு தொடர்புடையது. ஏறத்தாழ 7 கிராம் முதல் 30 கிராம் வரையிலான எடைகளுள், ஆழமும் நீரோட்டமும் மிகுந்தவிடத்துக் கனத்ததையும், ஆழமற்றவிடத்து நொய்யதையும் கொள்வர். தெளிநீரில் வெள்ளி நிறமும், கலங்கல் நீரில் பொன்னிறமும் ஏற்றன என்பது தூண்டிற்காரர் வழக்கு. தகட்டை அடிவரை இறக்கி, அதிர்வு கைக்குத் தெரியுமளவு உயர்த்தி, நரம்பு முற்றும் தளராதவாறு மீண்டும் இறக்குதல் வேண்டும். அது விழும்பொழுதே மீன் கவ்வுதல் பெரும்பான்மை.

இம்முறை நம் நீர்நிலைகளுக்கு எவ்வளவு பொருந்தும்? பண்ருட்டி, நெய்வேலிப் பகுதியைச் சான்றாகக் கொள்வோம். கெடிலமும் தென்பெண்ணையும் பருவத்தில் மட்டுமே நீர் மிகும் ஆறுகள். நெய்வேலியில் 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது முதல், நிலக்கரிப் படுகையின் கீழுள்ள ஊற்றுநீர் இடைவிடாது இறைக்கப்படுகின்றது. சுரங்கத்தினின்றும் வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் செல்கின்றது. ஆழ்ந்து தெளிந்த நீர்ப்பரப்பில் தகட்டு இரை பயன்படும். ஆம்பலும் வள்ளையும் படர்ந்த குளத்திலோ அதன் முட்கள் கொடியிற் சிக்கிவிடும். நக்கீரர் பாடிய குளம் பிந்தியது. அத்தகைய குளத்தில் வராலுக்கு ஊன் இரையே தக்கது. பண்டையோர் உலோக இரையை நாடாமைக்கு இந்நீர்நிலையின் இயல்பும் ஒரு காரணமாகலாம்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: தூண்டிற்பொன் என்பது இரை பொதிந்த முள்ளே, உலோகத்தை இரையாக்கும் முறை கடல்சார் தீவுகளிலும் மேலைநாட்டிலும் வளர்ந்து நம்மை அடைந்தது. இதனால் தமிழர்க்குக் குறைவு ஒன்றுமில்லை. பின்னாளில் தோன்றிய கருவி ஒவ்வொன்றையும் சங்க நூலுள் தேடிக் காண முயல்வது நூலுக்குப் பெருமை சேர்ப்பதன்று. நூல் உண்மையிற் கூறுவதை மறைப்பதாகும். தகட்டு இரையை நக்கீரர்மேல் ஏற்றுவோர், இழுத்தும் வாராத வராலைக் காணத் தவறுவர். வள்ளுவர்மேல் ஏற்றுவோர், விழுங்குதல் என்னும் வினையின் ஆழத்தை இழப்பர். உருத்திரங்கண்ணனார் பாடிய வாளை, அழியத்தக்க நிலையிலுள்ள இனமாக இன்று உலக அளவில் மதிப்பிடப்பட்டுள்ளது. பிரம்பின் நிழலுக்கு அஞ்சிய அம்மீன் நீரிலும் நிலைத்திருத்தல் வேண்டும். ஆதலின் ஏரி, குளங்களை அடுத்து வாழும் மீனவரிடம் இன்னும் வழங்கும் மீன்பெயர்களையும் தூண்டிற்சொற்களையும் தொகுத்து, சங்கச் சொற்களோடு ஒப்பிட்டு ஆராய்தல், மேற்பட்டப் படிப்பு மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.