இரண்டு நாய்களுக்கு மட்டும் விலக்கு!

1862-ம் வருடம், ஜூன் 14. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சான்ஃபிரான்சிஸ்கோ நகரம். நாய் பிடிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஓர் ஆசாமி, தெருவில் திரிந்த ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. சட்டம் அதைத்தான் செய்யச் சொன்னது. ஆனால், வேலைக்குப் புதுசு என்பதால் ஒரு விஷயம் அவருக்குத் தெரியவில்லை. அவர் பிடித்தது ஏதோ ஒரு தெருநாயை அல்ல. ஊரின் செல்லப்பிள்ளை லாசரஸை!

சேதி பரவியதும் ஊரே கொதித்துவிட்டது. கோபத்தோடு ஒரு கூட்டம் திரண்டது. ஒரு நாய்க்காகவா இத்தனை அமர்க்களம் என்று கேட்கிறீர்களா? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1848-ன் தொடக்கத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். அந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அவ்வளவுதான்... உலகின் நாலா பக்கத்திலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1860 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 56 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கப்பலில் மனிதர்கள் மட்டுமா வந்தார்கள்? டிக்கெட் இல்லாமல் எலிகளும் வந்து இறங்கின. கிடங்கு, கடை, சாராயக்கடை எல்லாமே அவற்றின் ராஜ்ஜியம்.

கூடவே தெருநாய்களும் பெருகின. கேட்பாரற்ற நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள், விஷம் வைத்தார்கள். ஆனால், எலி பிடிக்கத் தெரிந்த நாய்க்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

அப்படி மரியாதை சம்பாதித்த நாய்தான் பம்மர். கறுப்பும் வெள்ளையும் கலந்த நிறம். 1860-ல் மாண்ட்கோமரி தெருவில், ஃபிரெடரிக் மார்ட்டின் என்பவருடைய சாராயக்கடை வாசலில் வந்து குடியேறியது. வருகிற போகிறவர்களிடம் வாலை ஆட்டி எதையாவது வாங்கிச் சாப்பிட்டுவிடும். பெயருக்கு அர்த்தமே அதுதான். ‘ஓசிச் சாப்பாட்டுக்காரன்’!

1861-ல் ஒரு நாள், தெருவில் ஒரு பெரிய நாய் ஒரு நோஞ்சானைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. பம்மர் உள்ளே பாய்ந்து பெரிய நாயை விரட்டியடித்தது. நோஞ்சானுக்குக் காலில் ஆழமான காயம். பிழைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பம்மர் விடவில்லை. தனக்குக் கிடைத்த தீனியைக் கொண்டுவந்து கொடுத்தது. ராத்திரியில் உடம்போடு உடம்பாக ஒட்டிப் படுத்துக் குளிர் தெரியாமல் பார்த்துக்கொண்டது. சில நாட்களில் நோஞ்சான் எழுந்து நொண்டி நொண்டி நடந்தது. செத்துப் பிழைத்த நாய் அல்லவா? பைபிளில் ஏசு உயிர்ப்பித்த லாசரஸின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு எலி வேட்டைக்குக் கிளம்பின. இருபதே நிமிடத்தில் 85 எலிகளைத் தீர்த்துக்கட்டியதாக ஒரு பேச்சு உண்டு. யார் எண்ணினார்களோ! பத்திரிகைகளுக்கோ கொண்டாட்டம். நாய்கள் இன்று எங்கே போயின, என்ன செய்தன என்றெல்லாம் செய்தி போட்டார்கள். பம்மர் பெரிய மனுஷன், லாசரஸ் சமர்த்துக் கள்ளன் என்று குணச்சித்திரம் வேறு! ஒரு தடவை பம்மரின் காலில் யாரோ சுட்டுவிட்டார்கள். அது படுத்திருந்த சமயத்தில் லாசரஸ் வேறு நாய்களோடு சுற்றப் போய்விட்டது. உடனே ‘நன்றிகெட்ட நாய்’ என்று பத்திரிகைகள் வறுத்தெடுத்துவிட்டன. நன்றிக்கு உதாரணமே நாய்தான். அதற்கே இந்தக் கதி!

இப்போது மறுபடி 1862 ஜூனுக்கு வருவோம். லாசரஸை விடுதலை செய்யச் சொல்லி ஊர்மக்கள் மனு கொடுத்தார்கள். அது ஊருக்கே பொதுச்சொத்து என்பது அவர்கள் வாதம். மூன்றே நாளில், ஜூன் 17-ம் தேதி, நகரசபை பணிந்தது. லாசரஸை விட்டதோடு, தெருநாய்ச் சட்டத்திலிருந்து பம்மருக்கும் லாசரஸுக்கும் விலக்கு என்று அறிவித்தது. கவனியுங்கள்... சட்டம் ரத்தாகவில்லை. இரண்டு நாய்களுக்கு மட்டும் விலக்கு!

1863 அக்டோபரில் லாசரஸ் இறந்தது. குதிரை உதைத்தது என்று ஒரு தகவல், யாரோ விஷம் வைத்தார்கள் என்று இன்னொரு தகவல். எட்வர்ட் ஜம்ப் என்ற கேலிச்சித்திரக்காரர் அதன் இறுதி ஊர்வலத்தைப் படமாக வரைந்தார். நான்தான் அமெரிக்காவின் சக்கரவர்த்தி என்று 1859-ல் தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு ஊரில் வலம் வந்த நார்டன், படத்தில் பாதிரியாராக நின்று சடங்கு செய்வார். பிற்காலத்தில் பலர் இதை நிஜமென்றே நம்பி எழுதினார்கள். நார்டனின் நாய்கள்தான் இவை என்றும் கதை கட்டினார்கள். இரண்டுமே கற்பனை. லாசரஸை யாரும் புதைக்கக்கூட இல்லை. தோலை உரித்து, பாடம் பண்ணிக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள்.

தனியான பம்மர், பாவம், இரண்டு வருடம் ஓட்டியது. 1865-ல் குடிகாரன் ஒருவன் உதைத்ததில் படுத்த படுக்கையாகி, நவம்பர் 2-ம் தேதி கண்ணை மூடியது. உதைத்தவனைப் போலீஸ் கைது செய்தது. பம்மருக்கு இரங்கல் எழுதியவர்களில் ஓர் இளம் நிருபரும் உண்டு. பெயர், மார்க் ட்வெய்ன்! அந்த மாதம்தான் அவருடைய தவளைக் கதை வெளியாகி, நாடறிந்த எழுத்தாளர் ஆனார்.

1992-ல், சான்ஃபிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற பிரமிட் வடிவக் கட்டடத்தின் பக்கத்தில் இந்த ஜோடிக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால், எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு குடிகாரனின் உதைக்குக் கைது வரை போன அதே ஊரில்தான் மற்ற தெருநாய்கள் சட்டப்படியே செத்துக்கொண்டிருந்தன. அவை செய்த குற்றம் என்ன? அவற்றுக்குப் பெயர் இல்லை. பேப்பரில் அவற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவ்வளவுதான்.

நாம் மட்டும் என்ன, ஒழுங்கா? முகம் தெரிந்தவருக்கு ஒன்று என்றால் துடித்துப்போகிறோம். மற்றவர்கள் நமக்கு வெறும் எண்ணிக்கை.

அந்த ஊரில் இதற்கு விதிவிலக்காக நடந்துகொண்டது ஒரே ஒரு ஜீவன். 1861-ல் அந்தச் சண்டைக்குள் பம்மர் பாய்ந்தபோது, அடிபட்டுக் கிடந்த நாய்க்குப் பெயரே வைத்திருக்கவில்லை!