பரிசல்: ஒரு சொல்லும் ஒரு தோல் கூடையும்

காவிரியில் தண்ணீர் கூடும் ஒவ்வொரு முறையும் நம் நாளிதழ்களில் ஒரே தலைப்பு வந்துவிடும்: ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை. ஒரு பழைய நாட்டுக்கலத்தின் பெயர் அன்றாடச் செய்தியில் இப்படி உயிரோடு இருப்பது அபூர்வம். அம்பி, புணை, பஃறி எல்லாம் நிகண்டோடு நின்றுவிட்டன. பரிசல் மட்டும் இன்னும் ஆற்றில் ஓடுகிறது.

வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு, கோவைப் பக்கம் படகிலேயே தங்கி ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கக் கால்வாய் ஏதும் உண்டா என்று. அதற்கு ஆலப்புழைக்குத்தான் போகவேண்டும். கொங்கில் வாய்க்காலுக்குக் குறைவில்லை. பவானி அணைக்கட்டில் புறப்படும் காலிங்கராயன் வாய்க்கால் ஈரோட்டைத் தொட்டு, வளைந்து வளைந்து சுமார் 90 கிலோமீட்டர் போய் நொய்யலில் சேர்கிறது. 1283இல் வெட்டி முடித்ததாக மரபு. கீழ்பவானி வாய்க்கால் அதைவிட நீளம், 200 கிலோமீட்டர். இரண்டுமே வயலுக்காக வெட்டியவை. மதகு திறந்து, முறை வைத்து, மடை மாற்றிப் பாய்ச்சிய தண்ணீரில் படகு விட இங்கே யாருக்கும் தோன்றவில்லை. பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ பாடியதுபோல் கால்வாய்த் தோணிப் பயணத்தைப் பாட வேண்டுமானால் பக்கிங்காம் கால்வாய்தான் வேண்டும். நம் நீர்ப்பயணம் ஆற்றோடு; அதற்குரிய கலம் பரிசல்.

சொல்லுக்கு வருவோம். சங்க நூல்களில் பரிசில் என்றால் புலவனுக்கும் பாணனுக்கும் வள்ளல் தரும் கொடை. அதை நாடி வருகிறவர் பரிசிலர். ஓடத்தைக் குறிக்கும் சொல்லையும் பரிசு, பரிசில், பரிசல் என்று பல வடிவில் அகராதிகள் தருவதால் இரண்டையும் சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். வெள்ளத்தில் கிடைத்த பரிசு என்று கதையும் கட்டுகிறார்கள். ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓடத்தின் உறவைத் தேட ஆற்றின் மேல்பக்கம் போகவேண்டும்.

கன்னடத்தில் இதே வட்ட ஓடத்துக்கு ஹரிகோலு என்று பெயர். தமிழில் சொல்முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது இலக்கண மாணவர் எல்லாம் அறிந்தது: பால் ஹாலு, புலி ஹுலி. பரிசல் மிதக்கும் இடத்தின் பெயரே இதற்குச் சான்று. புகை அங்கே ஹொகெ; புகை எழும் கல் ஹொகெனகல், நாம் சொல்லும் ஒகேனக்கல். அந்தக் கணக்கில் பரியும் ஹரியும் ஒரே வேர். தெலுங்கர் இதைப் புட்டி என்கிறார்கள்.  தமிழிலேயே இன்னொரு சொல் இருக்கிறது: பரிசை. கேடயம் என்று பொருள், மலையாளத்தில் பரிச. பிரம்பாலோ மூங்கிலாலோ முடைந்து மேலே தோல் போர்த்திய வட்டமான பொருள் கேடயம். பரிசலும் அதுவேதான், அளவுதான் பெரிது. இந்த இரண்டுக்கும் உறவு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

பொருளைப் பார்த்தால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படும். மூங்கிலைப் பிளந்து, பட்டையாகச் சீவி, தட்டையான அடியிலிருந்து பின்னிக்கொண்டே வந்து விளிம்பில் கட்டி முடிக்கிறார்கள். முன்பு மேலே எருமைத்தோல். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். முன் பின் என்று இதற்குக் கிடையாது. ஒற்றைத் துடுப்பால் எதிரே இருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் போடுகிறார் ஓட்டுகிறவர். அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். பாறையில் மோதினால் மரப்படகு விரிசல் விடும். மூங்கில் வளைந்து கொடுத்து விலகிக்கொள்ளும். பாறையும் சுழலும் நிறைந்த நம் ஆறுகளுக்கு இதைவிடத் தோதான கலம் கிடையாது. வேலை முடிந்ததும் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையோடு நடந்துவிடலாம்.

1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் கூடைபோல் வட்டமான தோல் ஓடங்களில் ஆட்கள் மட்டுமின்றி குதிரையும் மாடும் கரையேறுவதை எழுதிவைத்திருக்கிறார். டைகிரிஸ் ஆற்றில் அராபியர் ஓட்டிய குஃபாவும் இதே வட்டக் கூடைதான். அவர்கள் தோலுக்குப் பதில் நிலக்கீல் பூசினார்கள்.

கொங்கில் பரிசல் பிழைத்திருந்ததற்குக் காரணம் துறைகள். ஈரோடு மாவட்டம் காங்கேயம்பாளையத்தில் காவிரியின் நட்டநடுவே பாறைமேல் இருக்கிறார் நட்டாற்றீசுவரர்; நெடுங்காலம் அவரைக் கும்பிடப் போனவர்கள் பரிசலில்தான் போனார்கள். பாலங்கள் வரவர, ஏலம் போட்டுக் குத்தகைக்கு விட்ட பரிசல்துறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

பாலம் இல்லாத இடத்தில்தான் சொல்லின் முழு எடை தெரியும். பவானிசாகரிலிருந்து காட்டுவழியே போகும் பேருந்து மாயாற்றங்கரையில் நின்றுவிடும், தெங்குமரஹாடா அக்கரையில். அரிசி மூட்டையும் பள்ளிக்கூடப் பையும் பரிசலேறித்தான் ஊருக்குள் போகவேண்டும். ஆற்றில் முதலை உண்டு. ஏறுகிறவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே காலை வைக்கும்போது, “நடுவால குந்துங்க ஆத்தா, அல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்க” என்பார் ஓட்டுகிறவர். ஆளை வட்டமாக உட்காரவைத்து எடையைச் சமன் செய்வதுதான் அவருடைய முதல் வேலை, துடுப்பு அப்புறம்.

சுற்றுலாவாக இதில் ஏற விரும்பும் கோவைக்காரர்களுக்குப் பரளிக்காடு இருக்கிறது. காரமடை தாண்டி மலைக்குள், பில்லூர் அணை நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்தும் பரிசல் பயணம். துடுப்புப் போடுகிறவர்களும் மதியச் சாப்பாடு ஆக்கிப்போடுகிறவர்களும் அங்குள்ள பழங்குடி மக்களே. வருகிற பணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. கடவாக இருந்த பரிசல் சவாரியானது எனக்கு வருத்தம் தரவில்லை. முடைகிற கையும் ஓட்டுகிற கையும் தொழிலில் நிற்க அது வழி செய்திருக்கிறது. மோட்டார் படகும் மிதிபடகும் பெருகும் நாளில், சுற்றுலாப் பலகைகளில் ‘படகுச் சவாரி’ என்று பொதுவாக எழுதி இதையும் அதற்குள் அடக்கிவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. வாலாங்குளத்தில் மிதப்பது படகு. பில்லூரில் மிதப்பது பரிசல். பலகையிலும் அப்படியே எழுதட்டும்.