டாக்டர் மீது புகார்: மருத்துவ கவுன்சில் என்ன செய்யும்? நோயாளிக்கு எங்கே சிக்கல்?

"கேட்காமலே ஆபரேஷன் பண்ணிட்டாங்க", "செக்கப்னு சொல்லி அத்துமீறினார்", "கேஸ் ஷீட் கேட்டா தர மாட்டேங்கிறாங்க"... இப்படி ஒரு பிரச்னை வந்தால் பலருக்கும் முதலில் போலீஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த டாக்டர் தொடர்ந்து பிராக்டிஸ் செய்யலாமா, கூடாதா என்று விசாரிக்கும் இடம் வேறு. தமிழ்நாட்டில் அது தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் இங்கே பிராக்டிஸ் செய்ய வேண்டுமென்றால் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். தவறு நிரூபணமானால் கவுன்சில் எச்சரிக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கலாம். நஷ்டஈடு வாங்கித் தராது, ஜெயிலுக்கும் அனுப்பாது. பணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். பாலியல் அத்துமீறல் என்றால் கவுன்சிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக போலீஸுக்குப் போகலாம். மூன்றும் தனித்தனி வழி. ஒன்றைத் தொட்டால் மற்றது அடைபடாது.

எதெல்லாம் தவறு?

இப்போதும் நடைமுறையில் இருப்பது 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிகள்தான். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, டாக்டர்கள் எதிர்ப்பால் அதே மாதம் நிறுத்தி வைத்தது. நோயாளியிடம் தகாத முறையில் நடப்பது, ரகசியத்தை வெளியே சொல்வது, எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஆபரேஷன் செய்வது எல்லாமே பழைய விதிகளின்படி ஒழுங்கீனம்.

சம்மதம் விஷயத்தில் 2008-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முக்கியமானது. லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு வந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு கர்ப்பப்பையையே அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். "வீட்டுல கேட்டுட்டோம்" என்பது இன்றும் நம்ம ஊரில் சகஜமாகக் கேட்கும் பதில்!

புகாருக்கு என்ன தேவை?

முதலில் டாக்டரின் பெயர். கவுன்சில் தனிப்பட்ட டாக்டரைத்தான் விசாரிக்கும், ஆஸ்பத்திரியை அல்ல. பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் போட வேண்டியது கட்டாயம் என்பதால் அடையாளம் காண்பது கஷ்டமில்லை. பல் டாக்டர், நர்ஸ் என்றால் அவர்களுக்குத் தனி கவுன்சில்கள் இருக்கின்றன. பதிவே இல்லாத போலி டாக்டர் என்றால் போலீஸ்தான், நீக்குவதற்குப் பெயரே இருக்காதே!

அடுத்தது சிகிச்சை ஆவணங்கள். கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடாமல் எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே தனி ஒழுங்கீனம், புகாரில் அதையும் சேர்க்கலாம்.

புகார் போனதும் டாக்டரின் விளக்கத்தையும் கேட்பார்கள். அவர் நேரிலோ வக்கீல் மூலமோ வாதிடலாம். 6 மாதத்தில் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி.

தள்ளுபடி ஆனால்?

இங்கேதான் சிக்கல். மாநில கவுன்சில் முடிவை எதிர்த்து 60 நாளில் மேல்முறையீடு செய்யும் உரிமையை, பாதிக்கப்பட்ட யாருக்கும் கொடுத்தன 2002 விதிகள். ஆனால் 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-வது பிரிவு, மேல்முறையீடு பற்றிப் பேசும்போது டாக்டரை மட்டுமே சொல்கிறது. அதைக் காட்டி நோயாளிகளின் மனுக்களை ஆணையம் திருப்பி அனுப்பியதும் நடந்திருக்கிறது. தண்டனை பெற்ற டாக்டருக்கு அடுத்தடுத்து இரண்டு மேல்முறையீடு, புகார் கொடுத்தவருக்குச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை என்பது எந்த வகையில் நியாயம் என்று தெரியவில்லை. இந்த நிலையிலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழி திறந்தே இருக்கிறது. அதற்கு கவுன்சிலின் உத்தரவு நகல் கையில் இருக்க வேண்டும், மறக்காமல் கேட்டு வாங்கி வையுங்கள்.