ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்களுக்குக் கற்பித்தவர்

மண்டைக்காடு என்றதும் பகவதி அம்மன் கோயிலும், மாசிக் கொடையும், கடலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் நெய்யூர். 1828-இல் சார்லஸ் மீட் என்ற ஆங்கிலேயர் அங்கே குடியேறினார். ஊர்க்காரர்களுக்கு அவர் மீட் ஐயர். இந்தக் கரையோரப் பகுதியில் பள்ளிகள் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சரி, அவர் எங்கே பயிற்சி பெற்றார்?

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் காஸ்போர்ட் என்று ஒரு ஊர். அங்கே டேவிட் போக் என்ற பாதிரியார் ஒரு கல்விக்கூடம் நடத்தினார். வெளிநாடு போகத் தாமாக முன்வந்த இளைஞர்களை இலண்டன் மிஷனரி சங்கம் அவரிடம்தான் அனுப்பியது. வந்தவர்களில் பலர் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். பின்னாளில் சீனாவுக்குப் போன ராபர்ட் மாரிசன், செருப்பு தைக்க உதவும் கட்டை செய்யும் தொழிலாளியாக இருந்தவர்!

போக்கின் முறை எளிமையானது. அவர் எழுதி வைத்திருந்த பாடங்களை மாணவர்கள் வரிக்கு வரி கையால் படியெடுக்க வேண்டும். (இன்றைய செராக்ஸ் கடைக்கு அன்று வேலையே இல்லை.) போகும் நாட்டில் செய்ய வேண்டியதையும் அவர் வரிசையாகச் சொன்னார்: அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள், நூல்களை மொழிபெயர்த்து அச்சிடு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கல்விக்கூடம் அமை. ஆங்கிலம் கற்பிப்பது இந்த மூன்றில் முதலாவது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

1816-இல் மீட் கப்பலேறினார். வழியில் பினாங்கில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு 1818-இல் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். காஸ்போர்ட்டில் படித்த ரிச்சர்டு நில் என்பவரும் அதே ஆண்டு வந்தார். 1819-இல் நாகர்கோவிலில் பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். உடல்நிலை இடம் கொடுக்காததால் அதே ஆண்டிலேயே திரும்பிப் போய்விட்டார். நம் ஊர் வெயிலைப் பற்றி எந்தப் பாடக் குறிப்பில் எழுத முடியும்?

மீட் தாக்குப்பிடித்தார். போக் சொன்னபடியே செய்தார். நாகர்கோவிலில் கல்விக்கூடம் நடந்தது, 1820-களின் தொடக்கத்திலேயே அச்சகமும் வந்தது. கல்விக்கூடத்தின் செலவுக்கு வயல் வாங்க ராணி கௌரி பார்வதி பாய் 5,000 ரூபாய் கொடுத்தார். அதே ராணிதான் 1817-இல், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தவர்.

இங்கேதான் போக் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சபை ஊழியத்துக்கு ஆள் தயாரிக்க உருவான இடத்தில் ஆங்கிலத்துக்கு மதிப்பு கூடியது. அங்கே ஆங்கிலம் கற்பித்த ஜான் ராபர்ட்ஸ் என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்ட சுவாதித் திருநாள் மகாராஜா, 1834-இல் அவரைத் திருவனந்தபுரத்துக்கே அழைத்துப் பள்ளி தொடங்க வைத்தார். 1836-இல் அது ராஜாவின் இலவசப் பள்ளி ஆனது. இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியின் வேர் அதுதான்.

ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக் கதவுகள் அப்போது பெரும்பாலும் மூடியே இருந்தன. தோளில் துணி போட்டதற்காகப் பெண்கள் தாக்கப்பட்ட காலம் அது. 1820-களில் கல்குளம், இரணியல் பக்கம் நடந்த கலகங்களில் பள்ளிகளும் தப்பவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்தது மீட் போன்றோர் நடத்திய ஓலைக்கூரைப் பள்ளிகளில்தான், அதுவும் பெரும்பாலும் தமிழில்.

மீட்டின் பிற்காலம் இன்னும் சுவையானது. 1850-களின் தொடக்கத்தில் உள்ளூர்ப் பெண் ஒருவரை மணந்ததால் எழுந்த சர்ச்சையில் சங்கத்தைவிட்டு விலகினார். பிறகு திருவிதாங்கூர் அரசு அவருக்கு ஒரு பொறுப்பு கொடுத்தது. ஆங்கிலப் பள்ளிகள் அல்ல, தாய்மொழிப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் பொறுப்பு! 1873-இல் அவர் திருவனந்தபுரத்திலேயே இறந்தார்.