பல் மருத்துவத்திற்கு முன் ஓர் ஓடத்துறை
வட சிலாங்கூர்த் தோட்டப் புறத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சிலாங்கூர் ஆறு கடலிற் கலக்கும் இடத்தில், கோலசிலாங்கூர் நகருக்கு மறுகரையில் அமைந்துள்ள மீனவர் ஊர் பாசிர் பெனம்பாங். மலாய் மொழியில் ‘பாசிர்’ என்பது மணல். ‘தம்பாங்’ என்பது ஆட்களை ஏற்றிக் கடத்தும் ஓடத்தையும் அதற்குரிய கூலியையும் குறிக்கும் சொல். எனவே இவ்வூர்ப் பெயருக்கு ஓடத்துறை மணல் எனப் பொருள் கொள்ளலாம். ஆற்றுக்குப் பாலம் அமையாத நாளில், வடகரையிலிருந்து நகருக்குச் செல்ல விரும்பியவர் எவராயினும் முதலில் துறையை அடைந்தாக வேண்டும். அக்கரையில் எத்துணைச் சிறந்த பொருள் இருப்பினும், துறை அறியாதவனுக்கு அஃது எட்டாப் பொருளே.

உயர்கல்விக்கும் இத்தகைய துறைகள் உண்டு. பல் மருத்துவம் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். ஆனால் அக்கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களை எங்கே, எந்தச் சான்றிதழுக்காகக் கற்பது என்பதே முதல் வினா. தோட்டப் புறத்தில் நின்று நோக்குங்கால், கடந்த நூறாண்டுக் காலத்தில் இவ்வினாவுக்கான விடை பலமுறை மாறியிருப்பதைக் காணலாம். விடை மாறியபோதெல்லாம், யார் பல் மருத்துவர் ஆக முடியும் என்பதும் உடன் மாறியது. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று பாடங்கள் எதற்கு?

பல் பிடுங்குதல் நெடுங்காலம் வெறுங் கைத்தொழிலாகவே கருதப்பட்டது. ஐரோப்பாவில் நாவிதரும் சந்தை வித்தைக்காரரும் அதனைச் செய்து வந்தனர். உலகின் முதற் பல் மருத்துவக் கல்லூரி 1840ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தோன்றியது. அதன் பின்னரும் முன்கல்வி பற்றிய கேள்வி தீரவில்லை. 1926இல் கார்னகி அறநிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் வில்லியம் கைஸ் என்னும் அறிஞர், பல் மருத்துவம் பயில வருவோர் முன்னதாகவே கல்லூரி நிலையில் ஈராண்டேனும் கற்றிருத்தல் வேண்டும் என வலியுறுத்தினார். இன்றும் அமெரிக்க மாணவர் எந்தக் கல்லூரியில் இவ்வறிவியல் பாடங்களை முடிப்பது எனத் தேர்ந்தெடுத்த பின்னரே பல் மருத்துவத்திற்கு விண்ணப்பிக்கின்றனர்.

இப்பாடங்கள் வெறுந் தடைக்கற்கள் அல்ல. பல்லின் மேலுறையாகிய எனாமல் பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்ற, அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது, அதுவே சொத்தை. இதனை விளங்கிக்கொள்ள வேதியியல் வேண்டும். பாதரசத்தோடு வெள்ளியும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை பற்குழியில் எவ்வாறு இறுகுகிறது என்பதும் வேதியியலே. தாடை நெம்புகோல் போல் இயங்குவதும், 1895இல் இராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பினுள் மறைந்த வேரைக் காட்டுவதும் இயற்பியலின்பாற்படும். பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பதும், நரம்பும் குருதிக் குழாயும் பல்லின் உள்ளே செல்லும் முறையும் உயிரியலைச் சாரும். இம்மூன்றும் அறியாதான் கையிற் கொடுக்கப்பட்ட குறடு ஆபத்தானது.

சிங்கப்பூரில் திறந்த கதவு

மலாயாவில் மருத்துவக் கல்வி 1905ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கியது. அப்பள்ளியே பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1929இல் அதனோடு பல் மருத்துவப் பிரிவு சேர்ந்தது; டிராட்மன் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர் அதனை நடத்தினார். அதற்கு முந்திய ஆண்டில், அஃதாவது 1928இல், கலையும் அறிவியலும் கற்பிக்கும் இராபிள்ஸ் கல்லூரி அந்நகரிலேயே மாணவரைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. ஆகவே நாட்டில் பல் மருத்துவமும் கல்லூரி நிலை அறிவியலும் ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில் வேரூன்றின.

இக்கதவு யாருக்குத் திறந்தது? ஆங்கிலப் பள்ளியில் படித்துச் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறியவர்க்கே திறந்தது. அத்தகைய பள்ளிகள் நகரங்களில் இருந்தன. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடம் 1893இல் தோன்றியது. கிள்ளான் உயர்நிலைப் பள்ளி 1928இல் எழுந்தது. அப்பள்ளிகளிலும் அறிவியற் கூடம் எல்லாவற்றிலும் ஒரே தரத்தில் அமையவில்லை.

அக்காலத்தில் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் நிலையை நோக்குவோம். பத்தாங் பெர்சுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரரான ஆன்றி போக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். பால்மரமும் செம்பனையும் அறிவியல் முறைப்படி வளர்க்கப்பட்டன. தொழிலாளர் பிள்ளைகளுக்கோ அறிவியல் பாடமே இல்லை. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்தது. மேற்செல்லும் படியைத் தரவில்லை. தோட்டத் தமிழ்ப் பள்ளி நான்கு, ஐந்து அல்லது ஆறாம் வகுப்போடு நின்றது. அங்கிருந்து சிங்கப்பூர்க் கதவுக்கு வழி இல்லை. தோட்டத்துக் கிராணியின் மகனோ நகரத்து எழுத்தரின் மகனோ அங்கே சென்றிருத்தல் கூடும். பால்வெட்டியின் மகனுக்கு அது நடவாத காரியம். இவ்விடைவெளி அறிவுக் குறைவால் வந்தது அன்று. துறை இன்மையால் வந்தது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஆறாம் படிவம் என்னும் புதுப் படி

1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், சிங்கப்பூரின் இரு கல்லூரிகளும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன்பின் பள்ளிகளிலேயே ஆறாம் படிவம் வளர்ந்தது. அஃதாவது, ஐந்தாம் படிவத்திற்குப் பிறகு ஈராண்டு பயின்று உயர்நிலைச் சான்றிதழ்த் தேர்வு எழுதிப் பல்கலைக்கழகம் புகும் முறை நிலைபெற்றது. அறிவியல் முன்கல்வி இவ்வாறு சிங்கப்பூரிலிருந்து உள்நாட்டு நகரப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. இது பெரியதொரு மாற்றம் ஆகும்.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சீர்திருத்தங்களும் இடைநிலைக் கல்வியைப் பரவலாக்கின. 1965 முதல் நுழைவுத் தேர்வின்றியே பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு முடித்த மாணவர் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் மொழி கற்றுப் பின்னர் முதற் படிவம் சென்றனர். கணக்கிட்டுப் பாருங்கள்: தமிழ்ப் பள்ளியில் ஆறு, புகுமுக வகுப்பில் ஒன்று, ஐந்தாம் படிவம் வரை ஐந்து, ஆறாம் படிவத்தில் இரண்டு, ஆகப் பதினான்கு ஆண்டுகள். பிறர் பதின்மூன்று ஆண்டுகளில் கடந்த தொலைவு இது. அந்த ஓராண்டும், பேருந்துக் கூலியும், நகரில் தங்கும் இடமும் தோட்டக் குடும்பத்திற்குப் பெருஞ்சுமைகள். அறிவியற் பிரிவு கொண்ட ஆறாம் படிவத்தைத் தேடிக் கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ செல்ல வேண்டியிருந்தால், லயன் வீட்டிலிருந்து நாள்தோறும் போய் வருதல் எளிதன்று.

பல் மருத்துவக் கல்லூரியும் இதற்கிடையில் அருகே வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பகுதி 1962இல் தனிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே பல் மருத்துவப் புலம் 1972இல் அமைந்தது. கோலசிலாங்கூர் மாணவனுக்குச் சிங்கப்பூர்ப் பயணம் தேவையற்றுப் போயிற்று. கல்லூரி அருகில் வந்த அந்த ஆண்டுகளிலேயே சேர்க்கைக்கான இன ஒதுக்கீடும் வந்தது. இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. பயிற்று மொழியும் ஆங்கிலத்திலிருந்து படிப்படியாக மலாய் ஆயிற்று. இவை எல்லாம் ஒன்று சேர, பலரின் பார்வை கடலுக்கு அப்பால் திரும்பியது.

இந்தியா என்னும் வழி

சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் பல் மருத்துவக் கல்வி தொடங்கப்பெற்றது. கருநாடகத்தின் மணிப்பாலில் 1965இல் பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. இத்தகைய இந்தியக் கல்லூரிகளை நாடி மலேசிய மாணவர் பலர் சென்றனர். அங்கும் முதல் வினா முன்கல்வியே. இண்டர்மீடியட் வகுப்பு மறைந்து பி.யூ.சி. வந்தது, பின்னர் 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி முறை வந்தது. மலேசிய மாணவன் உள்நாட்டில் ஆறாம் படிவம் முடித்துவிட்டுச் செல்வதா, அங்கேயே சென்று முன்கல்வியைத் தொடங்குவதா என்பது குடும்பங்களில் விவாதிக்கப்பட்ட செய்தி.

உள்நாட்டிலேயே ஆறாம் படிவம் முடித்தவனுக்கு ஒரு நன்மை இருந்தது. பல் மருத்துவ இடம் கிட்டாவிடினும் அச்சான்றிதழைக் கொண்டு வேறு படிப்புக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ அரசாங்க வேலைக்கோ விண்ணப்பிக்கலாம். அயல்நாட்டில் முன்கல்வி தொடங்கியவனுக்குத் திரும்பிவரும் வழி குறுகியது. மேலும், இந்தியாவில் பெற்ற பட்டம் மலேசியாவில் ஏற்கப்பட்ட பட்டியலில் இருந்தால் மட்டுமே இங்கே தொழில் செய்ய இயலும். 1971ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2018ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவின்றி எவரும் பல் மருத்துவம் பார்த்தலைத் தடுக்கின்றன. கல்லூரியின் பெயரைக் கேட்பதற்கு முன் பட்டத்தின் ஏற்பைக் கேட்பதே அறிவுடைமை.

இன்றைய துறைகள்

இன்று துறை ஒன்றன்று, பல. 1982 முதல் ஆறாம் படிவத் தேர்வு எஸ்.டி.பி.எம். என்னும் பெயரில் நடைபெறுகிறது. 2012 முதல் அது மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. 1999 முதல் கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் இயங்குகின்றன. அங்கே தொண்ணூறு விழுக்காட்டு இடங்கள் பூமிபுத்திரர்க்கு ஒதுக்கப்பெற்றவை. இந்திய மாணவர்க்கு 2018இல் 2,200 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ பெறும் எம்மாணவர்க்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என 2024இல் அரசாங்கம் அறிவித்தது. இவற்றைத் தவிர, பல்கலைக்கழகங்களின் அடித்தள அறிவியல் வகுப்புகளும் உள்ளன. கெடா மாநிலத்தில் 2001இல் தோன்றிய எயிம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் அடித்தள வகுப்பையும் பல் மருத்துவத்தையும் ஒரே வளாகத்தில் நடத்துகின்றன.

இவற்றுள் எதனைத் தேர்வது? மெட்ரிகுலேஷன் கல்லூரியில் பெரும்பாலோர் ஓராண்டில் முடிக்கின்றனர், செலவும் குறைவு, உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்தையே நோக்கமாகக் கொண்டவர்க்கு அது நேர்வழி. எஸ்.டி.பி.எம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. கடினமானது எனப் பெயர் பெற்றது. ஆயினும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மதிக்கப்படும் சான்றிதழ். தனியார் அடித்தள வகுப்போ விரைவானது. ஆனால் பொருட்செலவு மிக்கது. அதன் சான்றிதழ் அந்நிறுவனத்திற்கு வெளியே எங்கெங்கு செல்லும் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவை நாடுவோர் அங்கே பல் மருத்துவச் சேர்க்கைக்கு நடத்தப்பெறும் நீட் தேர்வு இதே மூன்று பாடங்களைத்தான் சோதிக்கிறது என்பதை மறத்தலாகாது.

தோட்டப் புறத்து ஏழை மாணவனுக்கு எது சிறந்தது என என்னைக் கேட்டால், மெட்ரிகுலேஷன் இடம் கிடைப்பின் அதனை ஏற்பதும், கிடையாவிடின் தயங்காது ஆறாம் படிவம் செல்வதும் நன்று என்பேன். இரண்டும் குறைந்த செலவில் அமைவன. பல் மருத்துவம் தவறினும், பெற்ற சான்றிதழ் மாணவனைக் கைவிடாது. கடன் பட்டுத் தனியார் வகுப்பிற் சேர்ந்து, ஒரே கல்லூரியை நம்பி நிற்பது அவனைப் போன்றோர்க்குப் பொருந்தும் துணிவன்று.

ஆசிரியர் கடமை

இத்துறைகள் அனைத்திற்கும் முந்தியதொரு துறை உண்டு. அது நான்காம் படிவம். 2020 முதல் அறிவியற் பிரிவு, கலைப் பிரிவு என்னும் பழைய பகுப்பு நீங்கி, மாணவர் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்துள்ளது. பதினாறு வயதில் உயிரியலையோ வேதியியலையோ விட்டுவிட்ட மாணவனுக்குப் பின்னர் எத்துறையில் நின்றாலும் ஓடம் கிடைத்தல் அரிது. பலர் இதனை ஐந்தாம் படிவம் முடிந்த பின்னரே அறிகின்றனர்.

தமிழ்ப் பள்ளியில் அறிவியல் பயிற்றும் மொழியும் இடையில் மாறி மாறி வந்துள்ளது. 2003இல் ஆங்கிலம் ஆயிற்று. 2012 முதல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. ஆயினும் சொத்தைப் பல் ஏன் வருகிறது என்பதைத் தாய்மொழியில் தெளிவாக விளங்கிக்கொண்ட பிள்ளை, அதனை வேறு எம்மொழியிலும் கற்க அஞ்சுவதில்லை. ஆகவே தமிழாசிரியர்க்கும் இதில் பங்கு உண்டு.

தமிழ்ப் பள்ளியை விட்டுச் சென்ற மாணவரோடு தொடர்பை அறுத்துக்கொள்ளாது, அவர்கள் மூன்றாம் படிவத்தில் இருக்கும்போதே ஒருமுறை பெற்றோரையும் உடன் அழைத்துப் பாடத் தேர்வு பற்றிப் பேசுதல் ஒவ்வொரு பள்ளியாலும் இயலும் செயல். அதற்குப் பணம் வேண்டா; ஒரு மாலைப் பொழுது போதும். நூறாண்டுக்கு முன் தோட்டத்துப் பிள்ளைக்குத் துறையே இல்லை. இன்று துறைகள் பல இருந்தும், அறியாமையால் ஒரு பிள்ளை கரையிலேயே நின்றுவிடுமாயின், அக்குறை நம்மையே சாரும்.