நாற்றுக் கட்டு

விதை விற்கிறவரும் நாற்று விற்கிறவரும் ஒரே வணிகர் அல்லர். விதை காகிதப் பொட்டலத்துக்குள் ஓராண்டு காத்திருக்கும். விற்காவிட்டால் அலமாரியில் கிடக்கும். நாற்று காத்திருக்காது. கடைப்பலகைக்கு வந்த நாளிலிருந்து அது வளரவோ வாடவோ தொடங்குகிறது, வேர் முற்றித் தொட்டிக்குள் சுருண்டுகொண்டால் யாருக்கும் பயனில்லை. அமெரிக்காவில் விதை வணிகத்தின் கதை நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. 1784-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய லேண்ட்ரெத் நிறுவனம், விதைகளைச் சிறு காகித உறைகளில் அடைத்து வண்டியில் ஊர் ஊராக விற்ற ஷேக்கர் சமயத்தார், பிறகு பர்ப்பியின் வண்ண விலைப்பட்டியல்கள் என்று அது நீளும். உயிரோடு விற்கப்படும் தக்காளி, முட்டைக்கோஸ், துளசியினச் செடிகளின் கதை அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. ஆனால் வீட்டுத் தோட்டம் போடுகிற அமெரிக்கருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏப்ரல், மே மாதங்களில் ஊர்த் தோட்டக்கடை வாசலில் அடுக்கியிருக்கும் அந்த நாற்றுத் தட்டுகள்தாம்.

இந்த வணிகம் முட்டைக்கோஸில் தொடங்கியது என்றே சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகருக்குத் தெற்கே, கடலோரத்து யாங்ஸ் தீவுப் பகுதியில், குளிர்காலத்தில் திறந்தவெளியில் முட்டைக்கோஸ் நாற்று வளர்த்து வடக்கே அனுப்பினார்கள். வெளிக்குளிரில் வளர்ந்ததால் தண்டு தடித்து, இலை கறுத்து, லேசான உறைபனியைத் தாங்கும். ‘பனிக்கு அஞ்சாத நாற்று’ என்பதே விளம்பரம். வேரோடு பிடுங்கி, கட்டாகக் கட்டி, ரயிலில் அனுப்புவார்கள். மண் கிடையாது, தொட்டி கிடையாது. நம் ஊரில் வயலுக்கு நாற்று முடி கொண்டுபோவதை நினைத்துக்கொண்டால் போதும். 1913 ஜனவரியில் அமெரிக்க அஞ்சல் துறை பார்சல் சேவையைத் தொடங்கியபோது இந்தக் கட்டுகள் கிராமத்து வீட்டு வாசல்வரை போகத் தொடங்கின.

1918-இல் அலபாமா மாநிலத்தின் யூனியன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் லிவிங்ஸ்டன் பால்க், அவர் மனைவி பானி என்ற தம்பதியர் இரண்டு பவுண்டு முட்டைக்கோஸ் விதையை வீட்டுக் கொல்லையில் விதைத்தார்கள். அந்தச் செடிகளை விற்றதில் பிறந்த நிறுவனத்துக்கு மனைவியின் பெயரே நிலைத்தது: பானி பிளான்ட்ஸ். தொடக்கத்தில் அவர்கள் விற்றதும் மண்ணில்லாத கட்டுகள்தாம். தீவனக்கடை, விதைக்கடை, பலசரக்குக்கடை என்று எங்கெல்லாம் குடியானவர் வருவாரோ அங்கெல்லாம் வைத்து விற்றார்கள். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதியில் வேறு உருவத்தில் வருகிறது.

வீட்டிலேயே விதைத்துக்கொள்ளக் கூடாதா என்று நமக்குத் தோன்றும். மாடிப்படி அடியில் உடைந்த பானையில் கத்தரி விதை தூவினால் முளைத்துவிடும் ஊர்க்காரர்களின் கேள்வி அது. அமெரிக்காவின் வடமாநிலங்களில் உறைபனி விலக மே மாதம் பிறக்க வேண்டும். செப்டம்பர் இறுதியில் அது திரும்பிவிடும். தக்காளிக்கு அந்த இடைவெளி போதாது. எனவே ஆறு முதல் எட்டு வாரம் கூரைக்குள் வளர்ந்த செடியை நட்டாக வேண்டும். கண்ணாடி வீடு வைத்திருப்பவர் விற்கிறார், இல்லாதவர் வாங்குகிறார். அதாவது நாற்றுக்கடையில் விற்கப்படுவது செடி மட்டுமல்ல, ஒன்றரை மாதக் காலமும்தான்.

இரண்டு உலகப் போர்களும் இந்த வாடிக்கையாளரைப் பெருக்கின. 1917-இல் சார்ல்ஸ் லேத்ராப் பேக் தேசியப் போர்த்தோட்ட ஆணையத்தை அமைத்தார். இரண்டாம் போரின்போது, 1943 வாக்கில், சுமார் 2 கோடி வெற்றித் தோட்டங்கள் இருந்தன என்றும், நாட்டின் காய்கறியில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் அவற்றிலிருந்து வந்தது என்றும் ஒரு மதிப்பீடு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. போர்க்கால மதிப்பீடுகளைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். ஆயினும் மண்வெட்டியைத் தொட்டிராத ஒரு நகரத் தலைமுறை முதன்முறையாகச் செடி வாங்கக் கடைக்கு வந்தது என்பதில் ஐயமில்லை.

போருக்குப் பின் புறநகர்கள் முளைத்தன, வீட்டுக்கு வீடு கார் வந்தது, புல்வெளி வந்தது. பழைய நாற்றுப்பண்ணைகள் சாலையோரத்தில் வண்டி நிறுத்த இடம்விட்டுக் கடை திறந்தன. இன்று நாம் சுதந்திரத் தோட்டக்கடை என்று சொல்லும், பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் நிறுவனத்தின் பிறப்பு அப்படித்தான். அங்கே பணம் பூச்செடியிலும் புதரிலும் மரத்திலும் இருந்தது. காய்கறி நாற்று வாடிக்கையாளரை வாசலுக்கு இழுக்கும் மலிவுச் சரக்கு, அவ்வளவே. 1949-இல் பர்ப்பி நிறுவனம் வெளியிட்ட ‘பிக் பாய்’ என்ற கலப்பினத் தக்காளி இதைச் சற்று மாற்றியது. பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் தக்காளி வந்துவிட்டது.

தொழில்நுட்பத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோட்டமண்ணுக்கு நோய் உண்டு, எடையும் உண்டு. 1960-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூட்லியும் ஷெல்ட்ரேக்கும் பீட் என்னும் மக்கிய பாசியுடன் வெர்மிகுலைட், பெர்லைட் போன்ற கனிமங்களைக் கலந்து மண்ணே இல்லாத வளர்ப்பூடகத்தை உருவாக்கினார்கள். (பீட் சதுப்புகளைத் தோண்டுவது குறித்த கண்டனம் எழுந்தபின் அதற்கு மாற்றாகப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்த் தூள் கப்பலேறியது தனிக்கதை.) பிளாஸ்டிக் தட்டு வந்தது. பிறகு 288, 512 என்று குழிகள் கொண்ட குழித்தட்டுகளில் இயந்திரம் விதையிடத் தொடங்கியது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. விதைப்பவர் ஒருவர், வளர்ப்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர் என்று தொழில் மூன்றாகப் பிரிந்தது. குடும்பக் கடைகளிலும் பல, குழித்தட்டு நாற்றை வெளியிலிருந்து வாங்கித் தொட்டிக்கு மாற்றி விற்கத் தொடங்கின. ‘எங்கள் வீட்டுச் செடி’ என்ற சொல்லுக்கு அன்றிலிருந்து அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

மூலிகைச் செடியின் வரவு வேறு வழி. நியூயார்க் மாநிலத்தின் நியூ லெபனானில் ஷேக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூலிகைகளைப் பெருமளவு விற்றார்கள். ஆனால் உலர்த்தி, செங்கல்போல் அழுத்திக் கட்டி, மருந்தாக விற்றார்கள். தொட்டியில் வைத்த உயிர்ச்செடி சமையலறைக்கும் தோட்ட அழகுக்கும் உரியதானது பின்னாளில். 1933-இல் அமெரிக்க மூலிகைச் சங்கம் தோன்றியது. கனெக்டிகட்டின் கவென்ட்ரியில் அடெல்மா சிம்மன்ஸ் என்ற பெண்மணி கேப்ரிலேண்ட்ஸ் என்ற மூலிகைப் பண்ணையை நடத்தினார். வருகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டி, உரையாற்றி, மூலிகை விருந்தளித்துச் செடி விற்பது அவர் வழக்கம். 1997-இல் அவர் மறையும்வரை இது நடந்தது. சிறு தோட்டக்கடைகள் பின்னாளில் தமக்கே உரியதென்று கொண்டாடிய உத்தியை, அதாவது செடியோடு பேச்சையும் சேர்த்து விற்பதை, அவரிடம் காண்கிறோம்.

பெருங்கடைகள் வந்தபின் அந்தப் பேச்சுதான் சிறுகடையின் மூலதனமாக மிஞ்சியது. ஹோம் டிப்போ, லோஸ், வால்மார்ட் ஆகியவை வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் வலையடித்துச் செடி விற்றன. விலையில் யாரும் அவர்களோடு மோத முடியாது. செடி கல்லாவில் ஸ்கேன் ஆகும்போது மட்டுமே வளர்த்தவருக்குப் பணம் சேரும் என்ற முறையும் பரவியது. வாடிய செடி, திருட்டுப்போன செடி எல்லாம் வளர்த்தவர் கணக்கு. கடைக்கு இழப்பில்லையென்றால் தண்ணீர் ஊற்றவும் நோய் பார்க்கவும் கடைக்காரருக்கு என்ன அவசரம்? என் பார்வையில் இந்த வணிகத்தின் நூறாண்டு வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். நாற்றின் சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கடைப்பலகையிலிருந்து நகர்ந்துவிட்டது.

2009-இல் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பொருளாதாரச் சரிவின் அடுத்த ஆண்டு அது. வெள்ளை மாளிகையில் மிஷேல் ஒபாமா மார்ச் மாதம் காய்கறித் தோட்டம் தொடங்கினார். உணவுப்பயிர் வளர்க்க எண்ணும் குடும்பங்கள் 3.6 கோடியிலிருந்து 4.3 கோடியாக உயரும் என்று தேசியத் தோட்டக்கலைச் சங்கத்தின் ஆய்வு கூறியது. ஜூன் மாதம் வடகிழக்கில் குளிர்ந்த மழை விடாமல் பெய்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியலாளர்கள் பெருங்கடைகளில் விற்பனைக்கிருந்த தக்காளி நாற்றுகளில் பின்பருவ இலைக்கருகலைக் கண்டார்கள். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்துக்கு வழிவகுத்த அதே பைட்டாப்தோரா நுண்ணுயிர். ஐரோப்பாவுக்குப் போகுமுன் 1843-இலேயே பிலடெல்பியா, நியூயார்க் சுற்றுப்புறங்களில் அது தென்பட்டிருந்தது. நம் நீலகிரிக்கு 1870-களில் வந்து சேர்ந்தது.

பானி பிளான்ட்ஸ் அப்போது அந்நாட்டின் மிகப்பெரிய காய்கறி நாற்று நிறுவனம். 1975 முதல் அலபாமா விவசாயிகள் கூட்டுறவின் உடைமை. ஜூலைத் தொடக்கத்தில் வடகிழக்கு மாநிலக் கடைகளில் மிஞ்சியிருந்த தன் தக்காளி நாற்றுகளை அது தானாகவே திரும்பப் பெற்றது. நோய் தன்னிடமிருந்துதான் கிளம்பியது என்பது நிறுவப்படவில்லை என்றும் சொன்னது. அந்த மறுப்பையும் பதிவு செய்வதே நியாயம். ஆனால் நோயுற்ற செடிகள் பல மாநிலங்களின் கடைகளில் ஒரே நேரத்தில் பரந்து கிடந்ததும், அங்கிருந்து வித்துக்கள் காற்றில் பல மைல் போகக்கூடியவை என்பதும் மறுக்கப்படாதவை. இழந்தவர்கள் அந்தக் கடையில் செடி வாங்கியவர்கள் மட்டுமல்லர். சொந்த விதையில் வளர்த்த சிறு விவசாயிகள், குறிப்பாக இயற்கை வேளாண்மை செய்தவர்கள், வயலை உழுது மூடினார்கள். சமையற்கலைஞர் டான் பார்பர் அந்த ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை இந்தச் சங்கிலியைப் பலருக்கும் புரியவைத்தது.

சுதந்திரக் கடைகளுக்கு இது நல்ல வாய்ப்பானது. உள்ளூரில் விதையிலிருந்து வளர்த்த நாற்றையே வாங்குங்கள் என்று நிபுணர்களும் சொன்னார்கள். தக்காளி விதை வழியே இந்நோய் வருவதில்லை என்பதால் அது சரியான அறிவுரை. ஆனால் அருகில் வளர்ந்ததெல்லாம் தூயது என்ற நம்பிக்கை இதிலிருந்து கிளைத்தது. அதைத் திருநீற்றுப்பச்சிலை உடைத்தது. நம் ஊரில் சப்ஜா விதைக்காக அறியப்படும் இச்செடிதான் அங்கே பேசில் என்ற பெயரில் தோட்டக்கடைகளின் முதன்மை மூலிகை. 2007-இல் புளோரிடாவில் அதன் மேல் அடிச்சாம்பல் நோய் கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. இது விதையோடும் வரும். சொந்தக் கண்ணாடி வீட்டில், சொந்தக் கையால் விதைத்த கடைக்காரரின் தட்டிலும் இலை மஞ்சளாகி அடிப்புறம் சாம்பல் பூத்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2018-இல் எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகளை வெளியிடும்வரை, வாங்கவந்தவரிடம் சீக்கிரம் பறித்துத் தின்றுவிடுங்கள் என்று சொல்வதைத் தவிர நேர்மையான கடைக்காரருக்கு வேறு வழி அதிகமில்லை.

காய்கறி நாற்று உணவா, தோட்ட அலங்காரமா? 1973-இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது: ஏழைகளுக்கான உணவு வில்லைகளைக் கொண்டு, உண்ணத்தக்கது விளையும் விதையையும் செடியையும் வாங்கலாம். 2020 ஏப்ரல் 9 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில், மிச்சிகன் ஆளுநரின் ஆணை இதற்கு வேறு விடை தந்தது. ஐம்பதாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட கடைகள் தம் தோட்டப் பகுதியை மூட வேண்டும் என்றது. தனி நாற்றுக்கடைகளும் இன்றியமையாதவற்றின் பட்டியலில் இல்லை. ஏப்ரல் 24-இல் ஆணை தளர்ந்தது. இடையில் பதினைந்து நாள். குளிர்காலத்திலேயே விதைக்கப்பட்ட முட்டைக்கோஸ் நாற்றுகள் நடவுக்கு வரும் பருவம் அங்கே அதுதான். கடை பூட்டியிருந்தாலும் கண்ணாடி வீட்டில் அவற்றுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.